ஹீரோ பேனான்னு வாங்கினது ஹீரோ இல்ல: ஒரு பார்க்கர் 51 ரிப்பேர் கதை

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு நான் போனது மிக்ஸிக்கு பழைய ஜார் ஏதாவது கெடைக்குமான்னு பாக்க. ஜார் கெடைக்கல. தார்ப்பாய் விரிச்சு ரிமோட்டு, சார்ஜர், ஓடாத வாட்ச்சு எல்லாம் கொட்டி வெச்சிருந்த ஒருத்தர்கிட்ட ஒரு கண்ணாடி பாட்டில் நெறைய பேனா சொருகி இருந்துச்சு. "எல்லாம் சைனா ஹீரோ சார், ஒண்ணு அம்பது, மூணா எடுத்தா நூத்தி இருவது"ன்னாரு. மூணு எடுத்தேன். ரெண்டு நெஜமாவே ஹீரோ 616. மூணாவதும் அதே மாதிரிதான், கருப்பு உடம்பு, மூக்கு மூடின நிப்பு, மங்கலா வெள்ளி கலர் மூடி, அம்பு கிளிப்பு. ஆனா கிளிப்புல ஒரு குட்டி நீல கலர் டைமண்ட் இருந்துச்சு. அத பாத்ததும் வாய மூடிக்கிட்டு காச குடுத்துட்டு வந்துட்டேன்.

நம்ம ஊர்ல ஸ்கூல் படிச்ச யாருக்கும் ஹீரோ பேனா கைப்பழக்கம் இருக்கும், கையில எடுத்தா மொத வேலை நடுவுல புடிச்சு திருகறதுதான், பின்பக்க குழாய் கழண்டு வரும், உள்ள ட்யூப் இருக்கும், அமுக்கி அமுக்கி இங்க் போட வேண்டியதுதான். பஸ்ல வரும்போதே இதையும் அப்படித்தான் திருகினேன். அசையல. கொஞ்சம் பலமா திருகலாம்னு கை போச்சு, அப்படியே நிறுத்திட்டேன், ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி இதே வேலைய ஒரு பழைய பேனாகிட்ட கட்டிங் பிளேயர வெச்சு பண்ணி, உடம்புல நீளமா ஒரு விரிசல் விட்டு, அத இன்னும் மேஜை டிராயர்ல ஒரு ஞாபகார்த்தமா வெச்சிருக்கேன். கழட்டறதுக்கு முன்னாடி இது என்ன பேனா, எப்படி இங்க் குடிக்கும்னு தெரிஞ்சிக்கணும், அதுக்கப்பறம்தான் கை வெக்கணும்னு அன்னிக்கு படிச்ச பாடம்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வெச்சு பாத்தேன். உடம்புல தேஞ்ச எழுத்து, டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா தெரியுது: பார்க்கர் 51, மேட் இன் யு.எஸ்.ஏ., பக்கத்துல தனியா ஒரு 6, அது பண்ணின வருஷத்தோட கடைசி எண். அந்த 6 பக்கத்துல சின்ன புள்ளிங்க இருந்தா எந்த காலாண்டுன்னு கூட கண்டுபிடிக்கலாம், என்னோடதுல அந்த எடம் மழமழன்னு தேஞ்சு போச்சு. 6ன்னா 46ஆ 56ஆன்னு குழம்ப வேண்டியதில்ல, எப்படின்னு சொல்றேன்.

பார்க்கர் 51ல பெரிசா ரெண்டு ரகம். 1941லேர்ந்து 1948 வரைக்கும் வந்தது வேக்குமேட்டிக். 1948ல வந்தது ஏரோமெட்ரிக், அதுதான் நம்ம ஹீரோவுக்கு அண்ணன், நடுவுல கழண்டு வரும், உள்ள உலோக கூட்டுக்குள்ள ட்யூப், அமுக்கற பட்டை. வேக்குமேட்டிக்ல ட்யூப்பே கெடையாது. பேனாவோட உடம்பே இங்க் தொட்டி. அதோட அடையாளம் வால்ல: கடைசி ரெண்டு செ.மீ. கிட்ட மயிரிழை மாதிரி ஒரு கோடு சுத்தி ஓடும், அது ஒரு மூடி, அத திருகி எடுத்தா உள்ளேர்ந்து ஒரு குட்டி பிளாஸ்டிக் குச்சி எட்டிப் பாக்கும். நகத்த வெச்சு தடவினேன், கோடு இருக்கு. மெதுவா திருகினேன், கழண்டுச்சு, குச்சி இருக்கு. அப்போ இது வேக்குமேட்டிக், 48க்கு மேல போகாது, ஆக அந்த 6க்கு 1946ஐ தவிர வேற வழி இல்ல. கிளிப்புல இருக்கற நீல டைமண்டும் 1947 வரைக்கும் வந்த மூடிலதான் இருக்கும், ரெண்டும் ஒத்துப் போகுது. மூடியும் உடம்பும் வேற வேற பேனாவுலேர்ந்து வந்து ஜோடி சேர்ந்திருக்க வாய்ப்பு எப்பவும் உண்டு, அதனால ரெண்டையும் தனித்தனியா பாத்துக்கறது நல்லது.

இங்க கொஞ்சம் கத. பார்க்கர் கம்பெனி 1888ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஜேன்ஸ்வில்ங்கற ஊர்ல ஆரம்பிச்சது. 1939 அவங்களுக்கு 51வது வருஷம், பேர் அங்கேர்ந்து வந்தது. இந்த பேனா ஏன் இப்படி மூக்க மூடிக்கிட்டு இருக்குங்கறதுக்கு காரணம் இங்க்தான். உடனே காயற ஒரு இங்க அவங்க கண்டுபிடிச்சாங்க, காரத்தன்மை ஜாஸ்தி, பேப்பருக்குள்ள சடக்குனு இறங்கிடும், உறிஞ்சுதாள் தேவையில்ல. ஆனா பேப்பர்ல உடனே காயற இங்க் நிப்புலயும் உடனே காயும்ல, அதுக்குத்தான் நிப்ப வெளிய காட்டாம ஒரு ஹூட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு, நுனி மட்டும் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பாக்கற மாதிரி பண்ணினாங்க. அந்த இங்க் அப்ப இருந்த செல்லுலாய்டு பேனாவ எல்லாம் அரிச்சிடும், அதனால உடம்ப லூசைட்ல பண்ணினாங்க, அதாவது அக்ரிலிக். எம்பது வருஷம் கழிச்சும் என் கையில இருக்கறது பளபளன்னு இருக்க காரணம் அதுதான். இந்த கருப்பு கலருக்கு அவங்க வெச்ச பேரு இந்தியா பிளாக். பல்லாவரத்துல வாங்கினதுக்கு பொருத்தமாத்தான் இருக்கு.

சரி, குச்சி வந்துச்சுல்ல, அமுக்கிப் பாத்தேன். உள்ள போச்சு, ஸ்பிரிங் தள்ளி வெளிய வந்துச்சு. தண்ணிக்குள்ள நிப்ப முக்கி பத்து தடவ அமுக்கினேன், ஒரு குமிழி கூட வரல. காதுகிட்ட வெச்சு ஆட்டினா உள்ள காஞ்ச மொளகு விதை உருள்ற மாதிரி சத்தம். இங்க இழுக்கற ரப்பர் பை, டயாஃப்ரம்னு பேரு, அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். ரப்பர்தான, இத்தன வருஷத்துல ஒண்ணு கல்லா போயிருக்கும், இல்ல கோந்து மாதிரி உருகியிருக்கும்.

இது எப்படி இங்க் குடிக்குதுன்னு புரிஞ்சா ரிப்பேர் பாதி முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன். வால் பக்கம் ஒரு ரப்பர் பை, விரல் உறை மாதிரி, அதோட வாய் பேனா உடம்பு சுவத்துல இறுக்கமா மாட்டியிருக்கும், அடி நுனி குச்சியோட முனைல கோர்த்திருக்கும். குச்சிய அமுக்கினா ரப்பர் முன்னாடி நீளும், உள்ள இருக்கற காத்து வெளிய போகும். விட்டா ஸ்பிரிங் ரப்பர பின்னாடி இழுக்கும், காலி எடத்துக்கு இங்க் ஏறும். இது வரைக்கும் பம்பு செட்டு கதைதான. அப்போ ஒரு சந்தேகம் வரணும்: ரெண்டாவது தடவ அமுக்கும்போது மொதல்ல ஏறின இங்க் திரும்ப வெளிய போயிடாதா? போகாது, அதுக்குத்தான் உள்ள ஒரு நீள குழாய் இருக்கு, பிரீதர் ட்யூப்னு பேரு, நிப்புகிட்டேர்ந்து கிளம்பி பேனா உடம்பு நெடுக மேல போய் ரப்பருக்கு கொஞ்சம் கீழ முடியும். நிப்பு கீழ பாத்து இருக்கும்போது இங்க் அடியில தங்கும், குழாயோட வாய் மேல காத்துல இருக்கும், அமுக்கினா அந்த குழாய் வழியா காத்துதான் வெளியேறும், இங்க் இருக்கற எடத்துலயே இருக்கும். ஒவ்வொரு அமுக்குக்கும் மட்டம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், குழாய் வாய் வரைக்கும் வந்துட்டா அதுக்கு மேல ஏறாது. அந்த குழாய் பாதில ஒடஞ்சிருந்தா பேனாவும் பாதிதான் ரொம்பும். நடுவுல புடிச்சு முரட்டுத்தனமா திருகினா அந்த குழாய் கூட ஒடஞ்சிருக்கலாம், நான் பஸ்ல கைய எடுத்தது எவ்வளவு நல்லதா போச்சு பாருங்க.

மொத வேலை ஊற போடறது. சாதா தண்ணில முன்பக்கத்த மட்டும் ரெண்டு நாள். தண்ணி மொதல் நாள் நீலம், அப்பறம் ஊதா, அப்பறம் ஒரு மாதிரி பச்சை, எத்தன பேர் எத்தன இங்க் ஊத்தினாங்களோ. ஸ்பிரிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவர் இதெல்லாம் கிட்டயே கொண்டு போகக்கூடாது, அசிட்டோன் லூசைட்ட உருக்கிடும், ஸ்பிரிட்டுல ஊற வெச்சா மேல சிலந்தி வலை மாதிரி விரிசல் விழும். வெந்நீரும் வேணாம். தண்ணில இறங்காத கறைக்கு அமோனியா ஒரு பங்கு, தண்ணி பத்து பங்கு, பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, அது போதும்.

அடுத்தது ஹூட். பேனா உடம்புக்கும் ஹூட்டுக்கும் நடுவுல ஒரு உலோக வளையம் இருக்கும், மூடி வந்து கவ்வறது அதுலதான். அங்கதான் திருகு மறை. கம்பெனில அத அரக்கு வெச்சு ஒட்டியிருப்பாங்க, அதனால சூடு காட்டினா இளகும். பொண்ணோட ஹேர் டிரையர கடன் வாங்கி, பேனாவ சுத்திக்கிட்டே பதினஞ்சு இருவது செகண்ட், கை பொறுக்கற சூட்டுக்கு கொஞ்சம் மேல, அப்பறம் பழைய சைக்கிள் ட்யூப் ரெண்டு துண்டு வெச்சு புடிச்சு திருகணும். வெறுங்கையில புடிச்சா வழுக்கும், பிளேயர்ல புடிச்சா என்ன ஆகும்னு என் டிராயர கேளுங்க. நெருப்பு காட்டறவங்க உண்டு, இது அக்ரிலிக்ங்கறதால தப்பிச்சிடலாம், ஆனா அதே பழக்கத்துல செல்லுலாய்டு பேனாகிட்ட போனீங்கன்னா குப்புனு பத்திக்கும், அதனால நெருப்பே வேணாம்.

பத்து தடவ சூடு காட்டியும் ஹூட் அசையல. லென்ஸ் வெச்சு பாத்தா வளையத்த ஒட்டி வெள்ளையா பூசணம் புடிச்ச மாதிரி ஒரு படலம். யாரோ புண்ணியவான் முன்னாடி ரிப்பேர் பண்றேன்னு சூப்பர் குளூ ஊத்தியிருக்காரு. பேனாவுக்கு செய்யற துரோகத்துல இதுக்கு மேல ஒண்ணு கெடையாது, ஏன்னா அரக்கு திரும்ப இளகும், இது லேசுல இளகாது. மறுபடி ரெண்டு நாள் தண்ணி, மறுபடி சூடு, மறுபடி தண்ணி. இப்படியே ஒரு வாரம், தெனம் ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு பத்து நிமிஷம், திருகறதுக்கு பலம் குடுக்காம சும்மா ஆசைக்கு ஒரு முறுக்கு. வீட்ல "இன்னும் அந்த பேனாவா"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. எட்டாவது நாள் மெதுவா ஒரு கிர்ர்னு சத்தம், சுத்திச்சு. அப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, பிரமோஷன்ல கூட வராது.

ஹூட்ட எடுத்ததும் உள்ள தெரியறதுதான் இந்த பேனாவோட அழகு. நிப்பு நம்ம சாதா பேனா மாதிரி தகடு இல்ல, குட்டி குழாய், 14 கேரட் தங்கம். அது உக்காந்திருக்கறது கலெக்டர்ங்கற ஒரு பிளாஸ்டிக் துண்டு மேல, சீப்பு மாதிரி சுத்தி சுத்தி மெல்லிசான பல்லு. வெயில்ல, கை சூட்டுல உள்ள இருக்கற காத்து விரிஞ்சு இங்க தள்ளும்ல, அப்படி தள்ளற இங்க அந்த பல்லு சந்துகள்ல புடிச்சு வெச்சிக்கும், சொட்ட விடாது. ஸ்கூல்ல சட்டை பாக்கெட்ல நீல பூ பூத்த எல்லாரும் இந்த கலெக்டருக்கு ஒரு கும்பிடு போடணும். என்னோடதுல அந்த பல்லு சந்தெல்லாம் தார் மாதிரி அடைச்சிருந்துச்சு. தெரு மொனைல மூக்கு கண்ணாடி கடைல கண்ணாடி கழுவற அல்ட்ராசானிக் டப்பா இருக்கு, அந்த தம்பிகிட்ட கேட்டு நிப்பு, கலெக்டர் ரெண்டையும் அதுல அஞ்சு நிமிஷம் போட்டேன். தண்ணி கருப்பாச்சு. "அண்ணே இதுல என்ன கண்ணாடிண்ணே இருக்கு"ன்னான். பிரீதர் ட்யூப் முழுசா இருந்துச்சு, மெல்லிசு கம்பி விட்டு அடைப்பு எடுத்தேன், அவ்வளவுதான்.

இப்ப வால் பக்கம். குச்சி, ஸ்பிரிங், அத புடிச்சிருக்கற கூம்பு எல்லாம் சேர்ந்து ஒரே யூனிட்டா பேனா வால்ல மறை போட்டு இறங்கியிருக்கும். வெளிய தெரியறது வால் மூடி மாட்டற கொஞ்சூண்டு மறை மட்டும்தான், அத கொறடு வெச்சு புடிச்சா மறை நசுங்கும், அப்பறம் மூடி மாட்டாது. அந்த மறைக்கு பொருந்தற மாதிரி கவ்வி புடிக்கற ஒரு டூல் வெளிநாட்டுல விக்கறாங்க. டயாஃப்ரமையே அங்கேர்ந்துதான் வரவழைக்கணும், பார்சல் செலவே பேனா விலைய தாண்டிடுச்சு, இதுல டூலுக்கு வேறயான்னு தோணி, அம்பத்தூர்ல தெரிஞ்ச ஒரு லேத் பட்டறைக்கு போனேன்.

பட்டறை அண்ணன் பேனாவ வாங்கி, கண்ணு பக்கத்துல வெச்சு சுத்தி பாத்தாரு. மறை அளக்கற பிட்ச் கேஜ எடுத்து ஒவ்வொரு இலையா மறைல வெச்சு பாத்துட்டு, "இவ்வளவு பொடி மறை எதுக்கு தம்பி போட்டான்"ன்னாரு. பேனாண்ணே, எடம் கம்மின்னேன். "போன் அடிக்கறேன், ரெண்டு நாள் கழிச்சு வா, பேனாவ விட்டுட்டு போ"ன்னாரு. பேனாவ விட்டுட்டு போக மனசு வரல. அளவு எடுத்துக்கோங்கன்னு அங்கயே ஒரு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். பித்தளைல ஒரு குட்டி கட்டை, நடுவுல ஓட்டை, உள்பக்கம் அதே மறை, ஒரு பக்கம் அறுத்து விட்டாச்சு, வைஸ்ல வெச்சு லேசா இறுக்கினா ஓட்டை சுருங்கி மறைய சுத்தி வர கவ்வும், எங்கயும் நசுங்காது. பில்லு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல வேலை செய்யுதான்னு பாருன்னு அனுப்பிட்டாரு.

வேலை செஞ்சுச்சு. வால கொஞ்சம் சூடு காட்டி, கட்டைய மாட்டி, பேனா உடம்ப ட்யூப் ரப்பர்ல புடிச்சு திருகினேன், ரெண்டாவது முயற்சில வந்துடுச்சு. யூனிட்டோட வெளிய வந்தது ரப்பர் இல்ல, காஞ்ச நண்டு ஓடு மாதிரி துண்டு துண்டா. மிச்சம் பேனா சுவத்துல, டயாஃப்ரம் உக்கார்ற வளையத்துல, கெட்டியா ஒட்டியிருந்துச்சு. இத ஒழுங்கா சொரண்டி எடுக்கறதுதான் மொத்த ரிப்பேர்லயும் சள்ளை புடிச்ச வேலை, துளி மிச்சம் இருந்தாலும் புது ரப்பர் சீல் ஆகாது. உலோகத்துல சொரண்டினா சுவத்துல கோடு விழும், அதனால ஊதுபத்தி குச்சிய உளி மாதிரி சீவி அத வெச்சு சொரண்டினேன். நிப்பு பக்கத்துலேர்ந்து டார்ச் அடிச்சு, வால் பக்கத்துலேர்ந்து ஒத்த கண்ண வெச்சு பாத்துக்கிட்டே. கருப்பு உடம்புங்கறதால வெளியேர்ந்து ஒண்ணும் தெரியாது. இருவது குச்சி காலி.

அடுத்து குச்சியோட முனை. அங்க ஒரு குட்டி குழி, பழைய டயாஃப்ரத்தோட நுனில இருந்த உருண்டை அந்த குழிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். பழைய உருண்டைய எடுத்தாத்தான் புதுசு போகும். தையல் ஊசி ஒண்ண அடுப்புல காட்டி நுனிய வளைச்சு கொக்கி பண்ணி, குழியோட வாய் ஒடையாம நோண்டி நோண்டி எடுத்தேன். இது எதிர்பாத்தத விட சுலபமா முடிஞ்சது.

மூணு வாரம் கழிச்சு டயாஃப்ரம் வந்துச்சு. வேக்குமேட்டிக்ல ரெண்டு சைஸ் உண்டு, யூனிட்ட வெளிய எடுத்து அளந்துட்டு ஆர்டர் போடுங்க, ஊகத்துல போட்டா மறுபடி மூணு வாரம். மாட்டற முறை இதுதான்: ரப்பரோட மூக்குக்குள்ள உருண்டை இருக்கும், அத குச்சியோட குழில வெச்சு ஒரு மொட்டை கம்பியால அமுக்கினா டப்புனு உக்காரும். லேசா இழுத்து பாக்கணும், வரக்கூடாது. அப்பறம் ரப்பர அப்படியே பின்னாடி, சட்டை கைய மடிச்சு விடற மாதிரி, கூம்பு மேல திருப்பி விடணும். அப்படியே பேனாவுக்குள்ள விட்டு திருகினா, கூம்புக்கும் சுவத்துக்கும் நடுவுல ரப்பர் நசுங்கி சீல் ஆகும்.

நான் அப்படியே பண்ணினேன். தண்ணில முக்கி அமுக்கினேன். மூணு குமிழி வந்துச்சு, நின்னுடுச்சு. முன்னாடியேர்ந்து டார்ச் அடிச்சு பாத்தா ரப்பர் பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது. யூனிட்ட திருகும்போது ரப்பரோட வாய் சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு, குச்சி மட்டும் சுத்தியிருக்கு. ஈரம், பவுடர் எதுவும் இல்லாம மாட்டினா இப்படித்தான் ஆகும், பவுடர் போடணும்னு படிச்சும் அலட்சியமா விட்டது என் தப்பு. வீட்டுல இருக்கற முகப்பவுடர்ல வாசனை கீசனை கலந்திருக்கும், ரப்பருக்கு என்ன பண்ணுமோன்னு யோசிச்சுட்டு, தெரு மொனை பங்சர் கடைல ட்யூப் மேல தூவற பிரெஞ்சு சாக் பவுடர் ஒரு கைப்பிடி வாங்கிட்டு வந்தேன், காசு வாங்கல. திரும்ப கழட்டி, ரப்பர நிமித்தி, நல்லா பவுடர் தூவி, இந்த தடவ மெதுவா, ஒரு சுத்துக்கு ஒரு தடவ டார்ச் அடிச்சு பாத்து பாத்து. கடைசி அர சுத்துக்கு முன்னாடி குச்சிய நாலு தடவ அமுக்கி விட்டேன், ரப்பர் நேராகட்டும்னு. அப்பறம் இறுக்கினேன். பாத்தேன், குடை மாதிரி வட்டமா, மடிப்பில்லாம நின்னுச்சு.

முன்பக்கம் மாட்டும்போது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஹூட்டோட மூக்கும் நிப்பும் நேர்கோட்டுல வரணும். ஹூட் மறைல இறுகி நிக்கற எடம் நம்ம கையில இல்ல, அதனால ஹூட்ட மொதல்ல வெறுமனே இறுக்கி பாத்து, எவ்வளவு கோணல்னு குறிச்சிக்கிட்டு, திரும்ப கழட்டி உள்ள இருக்கற நிப்பு, கலெக்டர சேத்து அந்த அளவு திருப்பி வெக்கணும். எனக்கு அஞ்சு தடவ ஆச்சு. ரெண்டாவது, ஒட்டறது. ஃபெவிக்விக் பக்கமே போகக்கூடாதுன்னு மேலயே சொல்லிட்டேன். நாட்டு மருந்து கடைலயும், மர பாலிஷ் சாமான் விக்கற கடைலயும் அவலரக்குன்னு கேட்டா குடுப்பாங்க, அவல் மாதிரி தட்டை தட்டையா, தேன் கலர்ல இருக்கும். வெளிநாட்டு பேனா ரிப்பேர் ஆளுங்க ஷெல்லாக் ஷெல்லாக்னு உயிர விடறது இததான், ஜார்க்கண்ட் பக்கம் மரத்துல பூச்சி கட்டறது, அமெரிக்கா பேனாவையே ஒட்டியிருக்கு. கொஞ்சம் ஸ்பிரிட்டுல கரைச்சு, ஒரு குச்சில தொட்டு, கொஞ்ச நேரம் விட்டு பிசுபிசுன்னு ஆனதும் மறைல மெல்லிசா ஒரு கோடு. நாளைக்கு யாராவது திறக்கணும்னா ஹேர் டிரையர் காட்டினா திறந்துக்கும்.

மூடிய பத்தி ஒரு வரி: அந்த மங்கல் வெள்ளிக்கு லஸ்ட்ராலாய்னு பேரு, அது அழுக்கு இல்ல, அந்த ஃபினிஷே அப்படித்தான். பித்தளை குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்கிட்டீங்கன்னா திரும்ப வராது. சோப்பு தண்ணி, மெல்லிசு துணி, போதும்.

இங்க் போடற நேரம். ராயல் புளூ, நம்ம ஊரு சாதா இங்க்தான். ட்ராயிங்குக்கு போடற இந்தியன் இங்க் எந்த ஃபவுண்டன் பேனாவுக்கும் ஆகாது, அரக்கு கலந்தது, உள்ளயே கெட்டியாகி நாம ஒரு வாரம் பட்ட பாட எல்லாம் மறுபடி படணும். பார்க்கரே 1947ல சூப்பர்குரோம்னு ஒரு இங்க் விட்டான், இந்த பேனாவுக்காகவே பண்ணினது, அதுவே உள்பாகங்கள அரிச்சுது, பழைய பாட்டில் எங்கயாவது சிக்கினா ஷோகேஸ்ல வெக்கலாம். நிப்ப ஹூட் முழுகற அளவுக்கு முக்கி, வால் மூடிய எடுத்து, குச்சிய அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு. விட்டதும் ஒரு செகண்ட் பொறுக்கணும், இங்க் ஏற நேரம் வேணும். ஒவ்வொரு அமுக்குக்கும் பாட்டில்ல குபுக் குபுக்னு குமிழி. எட்டு, ஒம்போது, பத்து. குமிழி நின்னுச்சு. ரொம்பியாச்சு. துடைச்சு, நிப்ப கீழ பாத்து ஒரு டம்ளர்ல டிஷ்யூ மேல ராத்திரி பூரா நிக்க வெச்சேன். காலைல டிஷ்யூல நிப்பு தொட்ட எடத்துல கடுகளவு ஒரு பொட்டு, வால் பக்கம் சுத்தமா காஞ்சு இருந்துச்சு.

எழுதினா, மொத ரெண்டு வரி வெளுத்துப் போய், அப்பறம் கருநீலமா இறங்குச்சு. மெல்லிசும் இல்ல மொத்தமும் இல்ல, நடுத்தர கோடு, பேப்பர தொட்டா போதும், அழுத்தவே தேவையில்ல. மூடாம கொஞ்ச நேரம் வெச்சுட்டு திரும்ப எடுத்தாலும் மொத எழுத்துலேர்ந்தே எழுதுது, ஹூட்டோட மகிமை. பாதி காலியானதுக்கு அப்பறம் சட்டை பாக்கெட்ல வெச்சு மே மாச வெயில்ல வண்டி ஓட்டினா என்ன ஆகும்னு இன்னும் பாக்கல, வெள்ளை சட்டை போட்ட அன்னிக்கு பாக்கறதா இல்ல.

அடுத்த சனிக்கிழமை லேத் பட்டறைக்கு காசு குடுக்க போனேன். பேனாவ காட்டினதும் அண்ணனுக்கு ஒரே குஷி, குச்சிய அவரே நாலு தடவ அமுக்கி பாத்தாரு, நான் கத்தறதுக்குள்ள சிமெண்ட் தரைல ரெண்டு சொட்டு. "இரு, இதுலயே பில்லு போடறேன்"னு பில் புக்க இழுத்து, கார்பன் பேப்பர சொருகி, பித்தளை கட்டை ஒண்ணு, மறை வெட்டினது, இருநூறு, கீழ கையெழுத்து எல்லாம் போட்டாரு. அழுத்தாதீங்கண்ணேன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், நல்லவேளை அழுத்தல. கிழிச்சு என் காப்பிய குடுத்துட்டு, கார்பன தூக்கி அடி காப்பிய பாத்தாரு. வெள்ளையா இருந்துச்சு. "எழுதறது சூப்பரு தம்பி, ஆனா ஆடிட்டரு என்ன தொலைச்சிடுவாரு"ன்னு சொல்லிட்டு, காதுல சொருகியிருந்த பால் பாயின்ட்ட எடுத்து அதே பில்ல மறுபடி மொதல்லேர்ந்து எழுத ஆரம்பிச்சாரு.